கூலி எண்ணிலிருந்து குலதெய்வம் வரை: நேட்டால் போன முன்னோரைத் தேடுவது எப்படி

1880களில் சென்னையில் கப்பலேறி, தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்த பிரிட்டிஷ் காலனியான நேட்டாலுக்குப் போன ஒரு பண்ணையாளின் பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, கிராமம், தாலுகா, ஜில்லா, உயரம், உடம்பில் எந்த இடத்தில் என்ன தழும்பு என்பது வரை எல்லாம் தென்னாப்பிரிக்காவில் இன்றும் ஏட்டில் இருக்கிறது. அதே வீட்டில் பிறந்து, ஊரை விட்டு நகராமல், படியாளாகவே உழைத்துச் செத்த அவருடைய தம்பியைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரிகூடக் கிடையாது. தம்பியின் வாரிசுகள் இங்கே தமிழ்நாட்டில் இருந்தும் பாட்டனைத் தாண்டிப் பெயர் சொல்லத் தெரியாமல் நிற்க, அண்ணனின் வாரிசுகள் டர்பனில் உட்கார்ந்துகொண்டு ஐந்து தலைமுறையை எடுத்து வைக்கிறார்கள்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு அரசாங்கம் ஓர் ஏழையின் பெயரை எழுதி வைத்தது என்றால், அவனிடம் அதற்கு ஏதோ வேலை இருந்தது என்று பொருள். ஒப்பந்தக் கூலி ஓடிவிடக் கூடாது. ஓடினால் அடையாளம் காட்டிப் பிடிக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு எந்த முதலாளியின் சொத்து என்பதில் தகராறு வரக் கூடாது. எவ்வளவு இறுக்கிப் பிடித்தார்களோ அவ்வளவு எழுதினார்கள். முன்னோரைத் தேடப் புறப்படுகிறவர் இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால், எந்த ஏட்டில் பெயர் இருக்கும், எதில் இருக்காது, இருக்கும் விவரத்தில் எதை நம்பலாம் என்பது பாதிக்கு மேல் விளங்கிவிடும்.

கதைச் சுருக்கம் இது. கரும்புத் தோட்டத்துக்கு ஆள் வேண்டும் என்று நேட்டால் வெள்ளைக்காரர்கள் கேட்க, 1860இல் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் அனுப்பப்பட்டார்கள். முதல் கப்பல் ‘ட்ரூரோ’ சென்னையிலிருந்து கிளம்பி 1860 நவம்பர் 16 அன்று டர்பனில் நங்கூரம் போட்டது. அதில் 342 பேர். அடுத்த சில நாட்களில் கல்கத்தாவிலிருந்து ‘பெல்வதேர்’ வந்து சேர்ந்தது. 1911இல் இந்த ஏற்றுமதி நிற்கும்வரை ஏறத்தாழ 1,52,000 பேர் போனார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு சென்னை வழியாகப் போனவர்கள். தமிழர்களும் தெலுங்கர்களும்தான் அதில் பெரும்பாலோர். முதல் வருடம் மாதச் சம்பளம் 10 ஷில்லிங், பிறகு வருடத்துக்கு ஒரு ஷில்லிங் கூடுதல். பாஸ் இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே கால் வைத்தால் தண்டனை.

ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுத்தார்கள். குடியேற்ற எண் என்று ஆவணங்களில் வரும் இதுதான் தேடலின் ஆணிவேர். எண் 1இல் தொடங்கி, சென்னைக் கப்பல், கல்கத்தாக் கப்பல் என்ற பேதமில்லாமல் தொடர்ந்து ஏறிக்கொண்டே போகிறது. கைக்குழந்தைக்கும் எண் உண்டு. ஆகவே எண்ணைப் பார்த்தே வருடத்தை ஓரளவு சொல்லிவிடலாம். 6,400க்குள் இருந்தால் 1860க்கும் 1866க்கும் இடையே வந்தவர். அதற்குப் பிறகு 1874 வரை ஆள் ஏற்றுவது நின்றிருந்தது. ‘எங்கள் பூட்டன் 1870இல் வந்தார்’ என்று குடும்பத்தில் சொல்வார்களானால், ஒன்று வருடம் தவறு, அல்லது அவர் மொரீஷியஸ் போன்ற வேறு இடத்திலிருந்து சொந்தச் செலவில் வந்தவர்.

அந்தச் சொந்தச் செலவு விஷயத்தைக் கொஞ்சம் எச்சரிக்கையோடுதான் கேட்க வேண்டும். டிக்கெட் வாங்கி வந்தவர்களை அங்கே ‘பாசஞ்சர் இந்தியர்’ என்பார்கள். அவர்களில் பெரும்பாலோர் குஜராத்தி வியாபாரிகள். கூலி என்ற சொல்லில் ஒட்டியிருந்த அவமானம் தாங்காமல், பல தமிழ்க் குடும்பங்களில் ஓரிரு தலைமுறைக்குள் கூலித் தாத்தா கடைக்காரத் தாத்தாவாக மாறியிருக்கிறார். பெயரைக் கப்பல் பட்டியலில் பார்த்த பிறகும் ‘இது வேறு யாரோ’ என்று மூடிவைக்கிறவர்கள் உண்டு. என்னைக் கேட்டால், தேடுகிற பேரனுக்குக் கூலித் தாத்தா கிடைப்பதுதான் அதிர்ஷ்டம். வியாபாரியாக வந்தவரை அரசாங்கம் கப்பலிலிருந்து இறங்கும்போது தடவிப் பார்த்துத் தழும்பை எழுதவில்லை. 1897இல் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்த பிறகுதான் அவர்களுக்கும் கோப்புகள் பெருகின. காரணம் அதேதான்: அப்போதுதான் அவர்களைப் பிடித்து நிறுத்தும் தேவை வந்தது.

கப்பல் பட்டியலின் ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். அதன் எல்லாப் பத்திகளையும் ஒரே அளவுக்கு நம்பக் கூடாது. எண், கப்பல், வந்த தேதி, ஒப்படைக்கப்பட்ட முதலாளி ஆகியவை முதலாளிக்கும் அரசுக்கும் பணத்தோடு சம்பந்தப்பட்டவை. அவற்றைக் கவனமாக எழுதியிருப்பார்கள். உயரமும் தழும்பும் ஓடியவனைப் பிடிக்க உதவுபவை, அவையும் பரவாயில்லை. வயது என்பது எழுத்தர் முகத்தைப் பார்த்து மதிப்பிட்டது. 20, 25, 30 என்று உருண்டையான எண்களாகவே வரிசை கட்டும். ஐந்து வருடம் முன்பின்னாக வைத்துக்கொண்டு தேடுவது நல்லது.

சாதிப் பத்தி இன்னும் வழுக்கல். வேலைக்கு எந்தச் சாதி ஆள் உகந்தது என்று முகவர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. ஆள் பிடிக்கிற தரகனுக்குத் தலைக்கு இவ்வளவு என்று கூலி. அதிகாரி கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அவன் சொல்லிக் கொடுத்து அழைத்து வருவான். தவிர, ஊரைவிட்டுத் தப்பித்துப் போகிற ஒருவன் தன் சாதியையும் அங்கேயே விட்டுவிட நினைத்தால் யார் தடுப்பது? கப்பலேறும் முன் தங்கவைத்த டிப்போவில் ஒரு சாதி, இறங்கிய இடத்தில் ஒரு சாதி, பேரன் காலத்தில் ஒரு சாதிப் பட்டம் என்று மூன்றும் மூன்றாக இருக்கும் குடும்பங்கள் உண்டு. அங்கே இன்று பரவலாக இருக்கும் கவெண்டர், மூட்லி, நாய்டூ, பிள்ளே, படயாச்சி ஆகிய குடும்பப் பெயர்கள் கவுண்டர், முதலி, நாயுடு, பிள்ளை, படையாச்சி என்ற பட்டங்களிலிருந்து வந்தவை என்பது சரி. ஆனால் அந்தப் பெயரை வைத்துக்கொண்டு இங்கே அந்தச் சாதிக்காரர் வீடுகளில் போய் உறவு தேடினால் ஏமாற வாய்ப்பு அதிகம். கப்பல் பட்டியலில் என்ன எழுதியிருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். அதையும் வாக்குமூலமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஊர்ப் பெயருக்கும் இது பொருந்தும். இந்தியக் குடிபெயர்வுச் சட்டங்களின்படி, ஆள் எடுக்கப்பட்ட இடத்தில் பதிவு அதிகாரியின் முன்னால் நிறுத்திப் பதிய வேண்டும். எடுக்கப்பட்ட இடம் சொந்த ஊராக இருக்க வேண்டியதில்லை. பஞ்ச காலத்தில் பிழைப்புத் தேடி நடந்து வந்தவனைச் சந்தையிலோ சத்திரத்திலோதான் தரகன் பிடித்திருப்பான். 1876-78 தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டிப் போனவர்களைத் தேடும்போது இதை மறக்கக் கூடாது.

இனி, இந்த வரியை எப்படிச் சென்றடைவது? நேராகக் கப்பல் பட்டியலில் ‘முனுசாமி’ என்று தேடினால் முனுசாமிகளின் கடலில் மூழ்க வேண்டியதுதான். பெயர் என்ற நூலிழையைவிட எண் என்ற நூலிழை உறுதியானது. எண்ணைப் பிடிக்க, கடைசியில் செத்தவரிடமிருந்து பின்னோக்கி நடக்க வேண்டும்.

முதலில் வீட்டுப் பெட்டி. ஒப்பந்தம் முடிந்ததற்கான விடுதலைச் சீட்டு, பழைய பாஸ், பிறப்புச் சான்று, எதிலாவது எண் இருக்கும். ஒப்பந்தக் கூலிகளின் திருமணம், பிறப்பு, இறப்பு ஆகியவற்றை நேட்டாலில் இந்தியக் குடியேறிகளின் பாதுகாவலர் என்ற அதிகாரியின் அலுவலகம் தனியாகப் பதிவு செய்தது. குழந்தையின் பிறப்புப் பதிவில் அப்பா, அம்மா இருவரின் எண்களும் வரும். ஆகவே அங்கே பிறந்த ஒரே ஒரு பிள்ளையின் பிறப்புப் பதிவு கிடைத்தால் போதும். கப்பல் கையில் கிடைத்த மாதிரி.

அது இல்லாவிட்டால் சொத்துக் கோப்பு. இறந்தவர் சின்ன நிலமோ வண்டியோ மாடோ வைத்திருந்தால், அதைப் பிரித்துக் கொடுக்க பீட்டர்மாரிட்ஸ்பர்க் உச்ச நீதிமன்ற அதிகாரியிடம் கோப்பு திறந்திருப்பார்கள். அதிலுள்ள இறப்பு அறிவிப்பில் பிறந்த இடம், பெற்றோர் பெயர், மனைவி பெயர், உயிரோடிருக்கும் பிள்ளைகள் எல்லோர் பெயரும் கேட்கப்பட்டிருக்கும். இந்தக் கோப்புகளில் ஏராளமானவற்றை ஃபேமிலி சர்ச் இணையதளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். கோப்பு இருக்கிறதா என்பதைத் தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் இணைய அட்டவணையில் தேடலாம். அந்த அட்டவணையில் பாதுகாவலர் அலுவலகக் கோப்புகளுக்கு ‘ஐ ஐ’ (II) என்பது குறியீடு. கப்பல் பட்டியல்கள் டர்பன் காப்பகத்தில் உள்ளன. அவற்றை ஆய்வாளர்கள் கணினியில் ஏற்றியிருக்கிறார்கள். டர்பன் குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுதூலி ஆவண மையமும் இந்தத் தேடலுக்கு முக்கியமான இடம்.

பெயர்ச் சிக்கலைத் தமிழர்களுக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை; இன்ஷியல் போட்டு வளர்ந்தவர்கள் நாம். பெருமாள் மகன் முனுசாமி வந்து இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். வெள்ளைக்கார எழுத்தர் அவரை முனுசாமி பெருமாள் என்று எழுதிக்கொள்கிறார். அவர் மகன் கோவிந்தன், கோவிந்தன் முனுசாமி ஆகிறார். பேரன் ராஜு கோவிந்தன். எங்கோ ஓரிடத்தில், பள்ளிக்கூடத்திலோ அடையாள அட்டை அலுவலகத்திலோ, இது உறைந்து நிரந்தரக் குடும்பப் பெயராகிவிடுகிறது. உறைந்த இடம் அண்ணனுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளின் வாரிசுகள் மூன்று குடும்பப் பெயரில் இருப்பது அங்கே சகஜம். மேற்கத்திய வம்சாவளி மென்பொருள்கள் இதைக் கண்டு திணறிப் போகும். ஒரே குடும்பத்தை மூன்றாகப் பிரித்துவைக்கும். அவற்றை நம்பி உட்காராமல், ஒவ்வொரு தலைமுறைக்கும் தகப்பன் பெயரைத் தனியாக எழுதிக்கொண்டு போவதே உத்தமம்.

பெண்களைப் பற்றி ஒரு சொல். நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்ற விகிதம் விதியாக இருந்ததால், பெண்களைச் சேர்க்கத் தரகர்கள் படாத பாடு பட்டார்கள். தனியாகப் போன பெண்கள் கணிசம்: விதவைகள், கணவனை விட்டு வந்தவர்கள், பஞ்சத்தில் குடும்பத்தைத் தொலைத்தவர்கள். பட்டியலில் ஒவ்வொரு பெண்ணுக்கும் தனி வரி, தனி எண், தகப்பன் பெயர், சொந்த உயரம், சொந்தத் தழும்பு. அந்தக் காலத்துத் தமிழ்க் கிராமத்தின் எந்த ஏட்டிலும் ஓர் ஏழைப் பெண்ணுக்கு இவ்வளவு இடம் கிடைத்ததில்லை. தாய்வழியாகத் தேடுவது நம் ஊரில் சுவரில் முட்டிக்கொள்வது போல. நேட்டால் பட்டியலில் அது தந்தைவழியைப் போலவே திறந்திருக்கிறது. இதைப் பலர் பயன்படுத்துவதே இல்லை. குடும்ப மரம் என்றால் ஆண் வரிசை என்ற பழக்கம்.

பாதுகாவலர் கோப்புகளில் இன்னொரு வகை உண்டு: புகார்கள். சம்பளம் தரவில்லை, சர்தார் (மேஸ்திரி) அடித்தான், அரிசி அளவு குறைகிறது, காய்ச்சலோடு வேலைக்கு இழுத்தார்கள் என்று கூலிகள் வந்து சொன்னதை மொழிபெயர்ப்பாளர் வழியாகக் கேட்டு எழுதிய வாக்குமூலங்கள். எல்லோருக்கும் இருக்காது. இருந்தால், பட்டியலில் வெறும் எண்ணாக இருந்தவர் அங்கே வாய் திறந்து பேசுவார். கப்பல் பெயர் கிடைத்ததும் பலரும் தேடலை முடித்துக்கொள்கிறார்கள். எண்ணை வைத்து இந்தக் கோப்புகளையும் ஒரு முறை துழாவிப் பார்ப்பது, குலத்தின் பெருமையை நிலைநாட்டுவதைவிட எவ்வளவோ பயனுள்ள வேலை.

மொரீஷியஸ் போனவர்களின் ஏடுகள் மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. அங்கே 1860களிலிருந்து புகைப்படமும் சேர்ந்துகொள்கிறது. ஒப்பந்தம் முடிந்தவர்கள் நாடோடிகளாகத் திரிவதாகக் குற்றம் சாட்டி, படம் ஒட்டிய சீட்டோடுதான் நடமாட வேண்டும் என்று 1867இல் சட்டம் போட்டார்கள். கொடுமையான சட்டம்தான்; இன்று கொள்ளுப் பேரன்களுக்கு முகம் கிடைப்பது அதனால். ரீயூனியன் போனவர்களைப் பிரெஞ்சு ஆவணங்களில் தேட வேண்டும். முத்துசாமி, ராமசாமி என்ற பெயர்கள் அங்கே பிரெஞ்சு உச்சரிப்புக்கு ஏற்ற எழுத்துக்கூட்டலில் இருக்கும். பிரான்ஸின் எக்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகம், ரீயூனியனின் பிறப்பு இறப்புப் பதிவுகளோடு புதுச்சேரி, காரைக்கால் பதிவுகளையும் இணையத்தில் ஏற்றி வைத்திருக்கிறது. புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு தனி வசதி: 1881ஆம் ஆண்டு ஆணைப்படி இந்து, முஸ்லிம் தனிச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்துக்கு வந்தவர்கள் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பதிய வேண்டியிருந்தது. குடும்பப் பெயர் எந்த நாளில் பிறந்தது என்று தேதியோடு சொல்லக்கூடிய தமிழர்கள் வேறு யார் இருக்கிறார்கள்?

இதற்கு நேர் எதிர், இலங்கை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நேட்டால் போனவர்களைவிடப் பல மடங்கு தமிழர்கள் காப்பித் தோட்டத்துக்கும் பிறகு தேயிலைத் தோட்டத்துக்கும் போனார்கள். ஆனால் அவர்கள் அரசாங்க ஒப்பந்தத்தில் போகவில்லை. ஆள் சேர்த்து வேலை வாங்கும் கங்காணி கூட்டிக்கொண்டு போனார். ராமேசுவரம் பக்கம் தோணி ஏறி, மன்னாரில் இறங்கி, காட்டு வழியே கண்டிச் சீமைக்கு நடந்தார்கள். எத்தனை தலை போயிற்று என்று எண்ணினார்களே ஒழிய, யார் தலை என்று எழுதவில்லை. பெயரும் கடனும் கங்காணியின் கணக்கில் இருந்தன. அந்தக் கணக்குகள் கங்காணிகளோடு போயின. வழியில் காலராவில் செத்தவர்களுக்குப் பெயர் தேடுவது வீண். அங்கே பிடி இல்லாமல் இல்லை, கடன்தான் பிடி. அதை அரசாங்கம் தன் ஏட்டில் ஏற்றவில்லை, அவ்வளவுதான். மலையகக் குடும்பங்கள் ஊர்த் தொடர்பைப் பேச்சு வழக்காகவே காப்பாற்றி வைத்திருந்ததற்கும், 1948க்குப் பிறகு குடியுரிமைக்குத் தாளில் ஆதாரம் கேட்டபோது திக்குமுக்காடியதற்கும் இதில் ஒரு பங்கு உண்டு.

நேட்டாலுக்குத் திரும்புவோம். பட்டியலில் கிராமம், தாலுகா, ஜில்லா கிடைத்துவிட்டது. அடுத்த தடை வரைபடம். அன்றைய வட ஆர்க்காடு ஜில்லாவுக்குச் சித்தூர் தலைநகரம். சந்திரகிரி, காளஹஸ்தி எல்லாம் அதற்குள். 1911இல் சித்தூர் தனி ஜில்லாவானது. எனவே ‘வட ஆர்க்காடு’ என்று பார்த்ததும் வேலூருக்கு டிக்கெட் எடுக்கக் கூடாது. ஊர் ஆந்திராவில் இருக்கலாம். அதே சமயம் திருப்பத்தூர் அப்போது சேலம் ஜில்லாவில் இருந்தது. ராமநாதபுரம் 1910 வரை மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களுக்குள் அடக்கம். தாலுகா பெயர்தான் இங்கே துருப்புச் சீட்டு. வாண்டிவாஷ் வந்தவாசி, கஞ்சீவரம் காஞ்சிபுரம் என்பதை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். கிராமப் பெயர்தான் தலைவலி: ஒரு தாலுகாவுக்குள்ளேயே இரண்டு புதூர், மூன்று நல்லூர். தமிழ் தெரியாத எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியது வேறு. பெயரைத் தமிழ் எழுத்தில் பல விதமாக எழுதிப் பார்த்து, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, அந்த தாலுகாவின் பழைய வருவாய்க் கிராமப் பட்டியலோடு ஒப்பிடுவதைத் தவிர குறுக்கு வழி இல்லை.

ஊர் கிடைத்த பிறகு, இங்கே என்ன ஏடு இருக்கும் என்பதற்கும் பழைய விதியே. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 1871இலேயே நடந்தது; வீடு வீடாக எழுதிய தாள்களை வைத்துக்கொள்ளவில்லை, கூட்டுத்தொகையை மட்டும் வைத்துக்கொண்டார்கள். இங்கிலாந்துக்காரர்கள் 1841இலிருந்து கணக்கெடுப்புத் தாளில் தாத்தாவைத் தேடுவதைப் பார்த்து நாமும் ஆசைப்பட வேண்டாம். நிலம் இருந்தால் வரி உண்டு, வரி இருந்தால் பெயர் உண்டு: 1858இல் தொடங்கிய நில அளவையையும் அதையொட்டி நிலவரியை நிர்ணயித்த செட்டில்மெண்டையும் சேர்ந்த ஏடுகளில் பட்டாதாரர் பெயர் இருக்கும். வரியில்லாமலோ குறைந்த வரியிலோ விடப்பட்ட மானிய நிலத்தை அனுபவித்த குடும்பம் என்றால் கொழுத்த அதிர்ஷ்டம். 1858இல் அமைந்த இனாம் கமிஷன் ஒவ்வொரு மானியத்துக்கும் அனுபவிப்பவர் யார், அவருக்கு எப்படி வந்தது என்று விசாரித்து எழுதியது. பூசாரி, மேளக்காரர், தாசி என்று கோயில் ஊழியம் செய்தவர்களும் அதில் வருவார்கள். அந்தப் பதிவேடுகளை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் கேட்டுப் பார்க்கலாம். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் அந்தந்தத் திருச்சபையின் ஞானஸ்நானப் பதிவேடு. நிலமும் இல்லை, மானியமும் இல்லை, ஞானஸ்நானமும் இல்லை என்றால், அதாவது கப்பலேறியவர்களில் மிகப் பெரும்பாலோர் போல என்றால், அரசு ஏடு இங்கே கைவிரித்துவிடும்.

தம்மைத் தாமே எழுதிவைத்துக்கொண்ட சமூகங்கள் சில உண்டு. நகரத்தார் தங்கள் ஒன்பது கோயில்களில் திருமணத்தைப் பதிந்து, புது இணையை ஒரு புள்ளியாகக் கணக்கில் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் அவர்கள் நேட்டால் கரும்புக்குப் போனவர்கள் இல்லை.

கூலியாகப் போனவர்களின் வாரிசுகளுக்கு மிஞ்சும் வழி குலதெய்வம். ஊர்ப் பெயர் மறந்துபோன குடும்பங்களில்கூடச் சாமி பெயர் நிற்கும். ‘பச்சையம்மன்’, ‘மன்னார்சாமி’, ‘அங்காளம்மன்’ என்று பாட்டி சொல்லிப் போயிருப்பார். தாலுகாவும் சாமி பெயரும் சேர்ந்தால் தேட வேண்டிய கோயில்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கு வந்துவிடும். போகிறவர்கள் முதலில் பூசாரியைப் பார்ப்பதைவிட, திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கிறவரைப் பார்ப்பது நல்லது. எந்த வீடு யாருக்குப் பங்காளி, எந்த வகையறா எப்போது வரி கொடுப்பதை நிறுத்தியது, யார் வீட்டில் ஒருவர் ‘சீமைக்குப் போய்விட்டார்’ என்பதெல்லாம் அவருடைய நோட்டிலோ வாயிலோ இருக்கும். போகும்போது கப்பல் பட்டியலின் நகலோடு, தகப்பன் பெயரைத் தமிழில் பெரிதாக எழுதி எடுத்துக்கொண்டு போக வேண்டும். பேரனுக்குப் பாட்டன் பெயர் வைக்கும் வழக்கம் இருப்பதால், அந்தப் பெயர் அந்த வகையறாவில் இன்றைக்கும் யாருக்காவது இருக்கிறதா என்பதுதான் அங்கே கேட்க வேண்டிய முதல் கேள்வி.